காடு காணச் செல்வோர் கடன்

ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் சென்று விலங்குகளைக் கண்டு வரும் பயணத்தைச் ‘சஃபாரி’ என்கிறார்கள். உலகெங்கும் வழங்கும் இச்சொல் சுவாஹிலி மொழியிலிருந்து வந்தது. சுவாஹிலிக்கு அதனை ஈந்ததோ அரபு மொழி. கிழக்காப்பிரிக்கக் கரையில் வாணிபம் செய்த அரபு முஸ்லிம்களின் நாவில் வழங்கிய ‘ஸஃபர்’ என்னும் சொல்லே அந்நாட்டு மக்களின் வழக்கில் ‘சஃபாரி’ ஆயிற்று. மதரசாவில் தொடக்க வகுப்பு ஓதிய சிறுவனுக்கும் ஸஃபர் இன்னதென்று தெரியும். ஸஃபர் செய்பவன் முஸாஃபிர். அவனுக்குத் தொழுகையில் சுருக்கம் உண்டு. நோன்பில் சலுகை உண்டு. அவன் மீது சில கடன்களும் உண்டு. சலுகைகளை நன்றாக நினைவில் வைத்திருக்கும் நாம், கடன்களைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இதனைச் சிந்திக்கும்படி என்னைச் செய்தவர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். வளைகுடா நாட்டில் பதினைந்து ஆண்டுகளாக உழைப்பவர். பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்பி வைத்தார். தங்கைக்கு நிக்காஹ் முடித்து வைத்தார். கடனின்றி ஒரு வீடும் கட்டினார். விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது என்னைக் காண வந்து, தயங்கித் தயங்கி ஓர் ஆசையை வெளியிட்டார். அடுத்த கோடை விடுமுறையில் வாப்பா, உம்மா, மனைவி, மக்கள் எல்லாரையும் கென்யா நாட்டின் மசாய் மாராவுக்கு அழைத்துச் சென்று சிங்கமும் யானையும் காட்ட வேண்டும் என்பதே அது. “உஸ்தாதே, இது கூடுமா? வீண்விரயம் என்று நாளை மறுமையில் கேள்வி வருமா?” என்று கேட்டார்.

நான் சற்றும் யோசிக்காமல் விடை சொன்னேன். “யானை பார்க்கவா கென்யா வரைக்கும் போக வேண்டும்? பேச்சிப்பாறைக்கு மேலே ஏறினால் போதாதா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மரியாதை குறையாமல், “உஸ்தாது அங்கே போய்ப் பார்த்ததுண்டா?” என்றார்.

இல்லை. நான் பார்த்ததில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேளிமலையின் நிழலில் வாழ்கிறேன். ஃபஜ்ருத் தொழுது பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அம்மலை என் கண்ணில் படுகிறது. அதற்கு அப்பாலுள்ள காட்டில் யார் யார் வாழ்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் எண்ணியதில்லை. அருகிலிருப்பதைப் பார் என்று பிறருக்கு அறிவுரை கூறிய நான் அதனைப் பார்க்கவில்லை. என் விடை சிக்கனத்திலிருந்து பிறந்ததே தவிர அறிவிலிருந்து பிறந்ததன்று. ஆகவே அவருடைய கேள்வியை எனக்கே உரிய கேள்வியாக எடுத்துக்கொண்டு மீண்டும் கிதாபுகளைப் பிரித்தேன்.

நம் பகுதி மதரசாக்களில் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை ஓதுவோர் அறிந்த நூல் ‘ஃபத்ஹுல் முஈன்’. மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றியது. பயணத் தொழுகை பற்றிய பகுதியில், சுருக்கித் தொழும் சலுகை யாருக்கு இல்லை என்று அந்நூல் சிலரைக் குறிப்பிடுகிறது. தவணை முடிந்த கடனை அடைக்க வசதியிருந்தும், கடன் கொடுத்தவரின் அனுமதி பெறாமல் பயணம் புறப்படுகிறவர் அவர்களுள் ஒருவர். ஊர்களைப் பார்ப்பதொன்றே நோக்கமாகப் பயணம் செய்பவர் மற்றொருவர். மாணவப் பருவத்தில் இவ்விடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். அன்று இது எனக்கு விந்தையாகத் தோன்றவில்லை. இன்று தோன்றியது. பூமியில் சுற்றித் திரிந்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் ஏவுகிறதே. அவ்வாறிருக்க, பார்ப்பதற்கென்றே செல்பவனை ஃபகீஹுகள் ஏன் ஒரு படி இறக்கி வைத்தார்கள்?

சலுகை இல்லை என்றால் பயணமே ஹராம் என்று பொருளன்று. அவன் தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும், அவ்வளவே. ஆயினும் அச்சட்டத்துக்குள் நுட்பமான ஓர் உண்மை இருக்கிறது. வெறும் பார்வை ஒரு நோக்கமாகாது. கண் ஒன்றைக் கண்டு, அடுத்ததற்குத் தாவி, அதற்கும் அடுத்ததைத் தேடும். அதற்கு முடிவில்லை, முடிவில்லாததை நோக்கம் என்று கூற இயலாது. திருமறை ஏவும் பார்வையோ வேறு. அதனை ‘இப்ரத்’ என்கிறோம். தமிழில் படிப்பினை என்று பெயர்க்கிறோம். அச்சொல்லின் வேர் ‘அபர’ என்பது. ஆற்றைக் கடத்தல் என்னும் பொருளுடைய வினை அது. கண்ட காட்சி கண்ணோடு நின்றுவிடாமல் உள்ளத்துக்குக் கடந்து சென்றால்தான் அது இப்ரத். கடக்காத பார்வை கரையிலேயே நின்றுவிட்ட பார்வை.

உலகம் சுற்றிய இப்னு பதூதா அவர்களை இங்கே நினைக்கலாம். 1331ஆம் ஆண்டளவில் மொம்பாசாவையும் கில்வாவையும் கண்டவர்; நமக்கு அண்மையிலுள்ள கொல்லத்துக்கும் வந்தவர். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நைஜர் ஆற்றங்கரையில் பெருத்த உடல் கொண்ட விலங்குகளைக் கண்டு, அவற்றை யானைகள் என்றே முதலில் எண்ணினார். அவை ஆற்றில் இறங்குவதைக் கண்டு வியந்து உடனிருந்தவரிடம் கேட்டபோதுதான் அவை வேறு இனம் என்று அறிந்துகொண்டார். அரபியர் அவ்விலங்கை ‘ஆற்றுக் குதிரை’ என்றார்கள். நாமோ ‘நீர்யானை’ என்கிறோம். இப்னு பதூதாவின் முதற்பார்வைப் பிழை நம் மொழியில் பெயராகவே நிலைத்துவிட்டது போலும்! அவர் தம் பிழையை மறைக்கவில்லை. அவ்விடத்து நிலை அறிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். பார்வை இப்ரத்தாக மாறும் வழியின் முதற்படி இந்தக் கேள்விதான்.

சஃபாரி என்னும் சொல் மேல்நாட்டாரிடம் சென்றபின் அதற்கு நேர்ந்த கதி துயரமானது. அது வேட்டைக்குப் பெயராயிற்று. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் 1909ஆம் ஆண்டு கிழக்காப்பிரிக்காவுக்குச் சென்று, தங்கள் துப்பாக்கிகளால் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். நம் நாட்டு மன்னர்களும் ஜமீன்தார்களும் இவ்வகையில் பின்தங்கியவர்களல்லர். சிவிங்கி என்னும் விலங்கு இந்திய மண்ணில் அற்றுப்போயிற்று என்று 1952ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட வேண்டியதாயிற்று. இந்தியா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. கென்யா 1977ஆம் ஆண்டு வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த கையில் புகைப்படக் கருவி வந்தது.

இனிக் குற்றமில்லை என்று நாம் நிம்மதி கொள்ளலாமா? நானும் அவ்வாறுதான் எண்ணினேன். பார்ப்பதால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? பார்த்தவன் கண் நிறைகிறது. பார்க்கப்பட்ட விலங்குக்கு ஒன்றும் குறைவதில்லை. ஆனால் மசாய் மாராவில் சிவிங்கிகளைப் பற்றிச் செய்யப்பட்டு 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. சுற்றுலா வாகனங்கள் குறைவாகச் செல்லும் பகுதிகளில், ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளைத் தனித்து வாழும் பருவம் வரை வளர்த்துவிடுகிறது. வாகனங்கள் மிகுந்த பகுதிகளிலோ, பத்து ஈற்றுக்கு இரண்டு குட்டிகள் மட்டுமே அவ்வாறு தேறுகின்றன. யாரும் சுடவில்லை, யாரும் கல்லெறியவில்லை. எல்லாரும் அன்போடுதான் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் நெரிசலிலேயே குட்டிகள் இல்லாமற்போயின.

பார்வைக்கும் பாரம் உண்டு. இது நமக்குப் புதிய பாடமன்று. அடுத்தவர் இல்லத்தில் அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பித்திருக்கிறது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும். பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் ஒழுக்கமும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறது. இனி அல்அன்ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற உம்மத்துகளே என்னும் கருத்து அங்கே சொல்லப்படுகிறது. அவையும் உம்மத்துகள் என்றால், அவற்றுக்கும் இல்லம் உண்டல்லவா? காடு அவற்றின் இல்லமல்லவா? மனிதனின் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்கும் நாம், அவற்றின் வாசலில் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு நுழைவது எந்த ஒழுக்கத்தில் சேரும்?

சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றையும் நினைவுகூர்வோம். பெரும் படையோடு எறும்புகளின் பள்ளத்தாக்கை அவர்கள் நெருங்கியபோது, ஓர் எறும்பு தன் இனத்தாரை எச்சரித்தது: உங்கள் புற்றுகளுக்குள் புகுந்துகொள்ளுங்கள், அவர்கள் அறியாமலேயே உங்களை மிதித்துவிடக்கூடும் என்பது அதன் கருத்து. ‘அறியாமலேயே’ என்னும் அந்தச் சொல்லில்தான் என் மனம் நின்றுவிட்டது. எறும்பு அவர்களைக் கொடியவர் என்று பழிக்கவில்லை. அறியாமல் மிதிப்பார்கள் என்றுதான் அஞ்சியது. அதனைச் செவியுற்ற நபியவர்கள் புன்னகைத்து, நன்றியுள்ளவனாய் இருக்க அருள்வாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். ஒரு வாகன வரிசையின் தலைவருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி ஏது?

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு மற்றொரு செல்வமும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வேடன் ஒருவனிடம் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பால் ஊட்டிவிட்டுத் திரும்பி வருவதாக அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. அண்ணலார் அந்த மானுக்காக வேடனிடம் தாமே பிணை நிற்கிறார்கள். மான் சென்று, கன்றுக்கு ஊட்டிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வருகிறது. அதைக் கண்ட வேடன் மனம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரைப் பற்றி ஹதீதுக் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக இக்காட்சியைப் பாடக் கேட்டு நெஞ்சுருகினார்கள் என்பதில் ஐயமில்லை. ஏன் உருகினார்கள்? அண்ணலார் மானைக் கண்டு இரங்கினார்கள் என்பதற்காக மட்டுமன்று. கண்டதோடு நில்லாமல் பிணை ஏற்றார்கள் என்பதற்காக.

பிணை நிற்பவன் தன்னை ஒரு பொறுப்புக்குள் கட்டிக்கொள்கிறான். மான் திரும்பாவிட்டால் இழப்பு அவனுடையது. வேடன் மானைக் கண்டான். அவன் கண்ணுக்கு அது இறைச்சி. வழிப்போக்கன் கண்டிருந்தால் அது அழகு. அண்ணலாருக்கோ அது கன்று ஈன்ற ஒரு தாய். நாமும் காட்டுக்குச் செல்கிறோம். இம்மூவரில் யாருடைய கண்ணோடு செல்கிறோம்?

நம் சட்ட நூல்களும் இவ்வழியிலேயே பேசுகின்றன. வளர்ப்போர் தம் பிராணியின் குட்டிக்குக் கேடு நேரும்படி முழுப் பாலையும் கறக்கலாகாது என்றும், தேனீக்களுக்குப் போதிய தேனைக் கூட்டில் விட்டுவைக்க வேண்டும் என்றும் ஷாஃபிஈ ஃபகீஹுகள் எழுதினார்கள். 1262ஆம் ஆண்டு மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள ஹக்குகளைத் தனியாகவே எண்ணி வரிசைப்படுத்தினார்கள். அந்த அறிஞர்கள் எண்ணியது வீட்டில் வளரும் பிராணிகளை. தேடிச் சென்று பார்க்கும் காட்டு விலங்குக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்று அதிலிருந்து துணிந்து கூறலாம் என்றே கருதுகிறேன். தாய்மையைத் தடுக்காதிருப்பதே அவற்றுள் முதலாவது.

விலங்குக்கு மட்டும் பிணை நின்று மனிதனை மறந்துவிடுவதும் நீதியன்று. செரெங்கெட்டிச் சமவெளியில் நெடுங்காலம் மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள், தேசியப் பூங்காவுக்காக 1959ஆம் ஆண்டு அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு அதுவரை ஒரே புல்வெளியைப் பகிர்ந்து வாழ்ந்த விலங்குகளைக் காணத்தான் உலகம் விமானம் ஏறி வருகிறது. நம் மலைகளிலும் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கும் நமக்குத் தெரியாது. காடு காணச் செல்பவன் காட்டோடு வாழ்பவனை வழிகாட்டியாகவும் ஆசானாகவும் மதிக்கட்டும். படம் எடுப்பதற்குரிய ஒரு பொருளாக நினைக்க வேண்டாம்.

இத்தனையும் எண்ணிய பின் என் மாணவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் சாரம் இதுதான்.

பயணம் கூடும். ஆனால் முதலில் கடன் கணக்கைப் பாருங்கள். தவணை வந்த கடன் ஏதேனும் நிலுவையில் இருந்தால் அதனை அடைத்துவிட்டுப் புறப்படுங்கள். உறவினரில் மருத்துவத்துக்கோ படிப்புக்கோ உங்கள் கையை எதிர்பார்த்திருப்பவர் எவரேனும் உண்டா என்று உம்மாவிடம் கேளுங்கள். தாய்மார்களுக்குத்தான் இது தெரியும். செலவு சிறிதன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் வெளிநாட்டார் மசாய் மாராவுக்குள் நுழைவதற்கே, ஜூலை தொடங்கி டிசம்பர் வரையான மாதங்களில், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 200 டாலர் கட்டணம். ஊருக்குப் போகும்போது மீதி வைக்க வேண்டியதை மீதி வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகவே போட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள்; அந்நாட்டிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் அதனைக் கேட்பார்கள். வாப்பாவுக்கு வயதாகிவிட்டதால் ஊசிக்கு முன் மருத்துவரின் ஆலோசனை அவசியம். மாட்டுமான்கள் இலட்சக்கணக்கில் செரெங்கெட்டியிலிருந்து மாரா ஆற்றைக் கடந்து வருவது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. அக்காலத்தில் வாகனங்களும் ஆற்றங்கரையில் குவிகின்றன. உங்கள் வாகனம் அவற்றின் வழியை மறிக்கும் வாகனமாக இருக்கக்கூடாது. மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் காட்டு விலங்குகளுக்காக விட்டுக்கொடுத்து, அதற்குக் குத்தகை பெறும் காப்பிடங்கள் மாராவைச் சுற்றி உண்டு. தங்குவதற்கு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் உங்கள் பணம் நிலத்துக்குரியவர் கைக்கும் சேரும். ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “நெருங்க வேண்டாம், குட்டி உடனிருந்தால் திரும்பிவிடலாம், அதற்காக உங்கள் அன்பளிப்பு குறையாது.” அதிகம் காட்டினால்தான் அதிகம் கிடைக்கும் என்று அந்த ஏழை ஓட்டுநர் எண்ணுவதாலேயே பாதி நெரிசல் உண்டாகிறது. அவரை அந்த எண்ணத்திலிருந்து விடுவிப்பதும் ஒரு பிணைதான்.

கடைசியாக, நிய்யத். புறப்படும் முன் பிள்ளைகளை உட்காரவைத்து, எதற்காகப் போகிறோம் என்று கேளுங்கள். அவர்கள் விடையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு மாணவர் மறுநாளே வந்தார். “உஸ்தாது, மசாய் மாராவுக்கு முன்னால் நம் மலைக்கு ஒரு ஸஃபர் போய் வருவோமா?” என்றார். மறுக்க எனக்கு வாயில்லை.

ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பின் அவர் பிள்ளைகளோடு புறப்பட்டோம். 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையைக் கடந்து, அனுமதியுள்ள சாலை வழியே கோதையாற்றுப் பக்கம் சென்றோம். இம்மாவட்டத்தின் காடுகளில் 402 சதுர கிலோமீட்டர் பரப்பு 2008ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் காட்டெருதும் மிளாவும் கரடியும் அங்கே வாழ்கின்றன. நாஞ்சில் நாட்டின் வயல்களுக்கு வந்து சேரும் கோதையாற்று நீர் அந்த மலைகளில்தான் பிறக்கிறது. நாம் உண்ட சோற்றில் அந்தக் காட்டின் பங்கு இருந்திருக்கிறது. அதற்கு ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை.

அன்று யானை கண்ணில் படவில்லை. சாலையோரத்தில் ஈரம் காயாத சாணம் கிடந்தது. முறிந்த ஈற்றைகள் கிடந்தன. சேற்றில் தட்டுப் போல ஒரு காலடி பதிந்திருந்தது. அதில் தேங்கிய நீரில் சிறு பூச்சிகள் நீந்திக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். சாலையில் எதிர்ப்பட்ட காணிப் பெரியவர் ஒருவரிடம், “யானை எங்கே போயிற்று?” என்று சின்னவன் கேட்டான். அவர் மரங்களின் பக்கம் கையைக் காட்டி, “அது நம்மளப் பாத்துட்டுத்தான் போயிருக்கும், மக்களே” என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கோ உடல் சிலிர்த்தது. இத்தனை நாளும் பார்ப்பவன் நான் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். நாமும் பார்க்கப்படுகிறோம், நம் ஒலியும் ஒழுக்கமும், வழியில் நாம் எறிந்துவிட்டுப் போகும் குப்பையும் அங்கே ஓர் உம்மத்துக்குத் தெரிந்தே இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்ப்பவனோ அனைத்துக்கும் மேலிருக்கிறான். ஊர்களைப் பார்ப்பது மட்டும் நோக்கமாகாது என்று ஃபகீஹுகள் எழுதியதன் பொருள் அந்தச் சாலையோரத்தில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

திரும்பும் வழியில் தேரூர்க் குளக்கரையில் சற்று நின்றோம். வலசை வந்த பறவைகள் நீரில் இருந்தன. பெரியவன் கைபேசியை எடுத்து முன்னே ஓடப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான். நின்ற இடத்திலிருந்தே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பறவையும் பறக்கவில்லை.

அவன் மசாய் மாராவுக்குச் செல்லலாம் என்று எனக்குத் தோன்றிற்று. அல்லாஹ் யாவற்றையும் நன்கறிந்தவன்.